தோளை இறுக்கினால் போதாது: பந்தயக் கார் பெல்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பந்தயக் கார்களுக்கு பெல்ட் பொருத்துவதும், ஓட்டுநரை உட்காரவைத்துக் கட்டிவிடுவதும் என் வேலையில் ஒரு பகுதி. புதிதாக வருகிறவர்களின் தவறுகள் எனக்குப் பழக்கமானவை. எங்கள் கூட்டமும் அவற்றைச் செய்துதான் வந்தது. பெல்ட் முறுக்கிக்கொள்ளக் கூடாது, நைந்த நாடாவை மாட்டக் கூடாது என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை கண்ணில் படும், பக்கத்தில் நிற்கிற யாராவது சொல்லிவிடுவார்கள். பார்வைக்குச் சரியாகக் கட்டியதுபோலவே தெரிகிற தவறுகள்தான் ஆபத்தானவை. அவற்றில் ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

தோள் பெல்ட்டை முதலில் இழுப்பது

உட்கார்ந்து பக்கிளை மாட்டிய மறுகணமே இரண்டு கைகளும் தோள் பெல்ட்டின் வால்களைத் தேடிப் போகும். வெளியே நிற்கும் நண்பர் குனிந்து தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுவார். மார்பு அழுந்தும், மூச்சு முட்டும், முகத்தில் ஒரு நிறைவு வந்துவிடும். இடுப்பில் கைவைத்துப் பார்த்தால் பெல்ட்டுக்கும் உடலுக்கும் நடுவே விரல்கள் தாராளமாகப் புகும்.

தோள் பெல்ட்கள் முடிகிற இடம் பக்கிள். அவற்றை இழுத்தால் பக்கிள் மேலே வரும். பக்கிள் வந்தால் அதோடு கோத்திருக்கும் இடுப்பு பெல்ட்டும் வயிற்றுக்கு ஏறும். 40 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல் 40 மடங்கு வேகத்தணிவில், 75 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் 3,000 கிலோ சுமையாகிவிடுகிறது. அதில் பெரும்பங்கைத் தாங்கக்கூடிய வலுவுள்ள எலும்பு நம் உடலில் இடுப்பெலும்புதான். முன்பக்கம் தொட்டால் தட்டுப்படுகிற அதன் இரு முகடுகளுக்குக் கீழே பெல்ட் படிந்திருந்தால், சுமையை எலும்பு ஏற்கும். முகட்டைத் தாண்டி மேலே ஏறிவிட்டால் பெல்ட்டுக்குப் பின்னால் இருப்பது குடலும் ஈரலும் மண்ணீரலும், அவற்றுக்குப் பின்னால் முதுகெலும்பும். மோதிய நொடியில் இடுப்பு, பெல்ட்டுக்கு அடியில் நழுவி முன்னால் போகும். பெல்ட் வயிற்றை அறுக்கும். அப்போது தோள் பெல்ட் எவ்வளவு இறுக்கமாக இருந்தும் பயனில்லை.

வரிசை இதுதான். முதலில் எல்லா பெல்ட்களையும் தளர்த்திவிட்டு, முதுகுக்கும் இருக்கைக்கும் இடைவெளி இல்லாதபடி பின்புறத்தை மூலைக்குள் தள்ளி உட்காருங்கள். இடுப்பு பெல்ட்டைக் கையால் கீழே இறக்கி, முகடுகளுக்கு அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, இடமும் வலமுமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே பக்கம் இழுத்தால் பக்கிள் நடுவிலிருந்து விலகிப்போகும். வலிக்கிறது என்று தோன்றும் அளவுக்கு இறுக்க வேண்டும். அந்த வலி ஓட்டத் தொடங்கியதும் மறந்துபோகும். அடுத்தது கால்களுக்கு நடுவே வரும் கவட்டு பெல்ட். தோள் பெல்ட் கடைசி. தோளை இறுக்கும்போது பக்கிள் மேலேறினால் வேலை கெட்டது என்று பொருள். மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். காரில் சிறிது நேரம் உட்கார்ந்ததும் உடையின் பஞ்சும் இருக்கையின் மெத்தையும் அழுந்தித் தளர்வு உண்டாகும். அதனால் புறப்படுவதற்கு முன் ஒருமுறையும், டயர் சூடேற்றும் சுற்றில் இன்னொரு முறையும் இறுக்கிக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தும் ஏமாற இடமிருக்கிறது. ஓர் இளைஞர், நல்ல தரமான பெல்ட், புத்தம்புது இருக்கை. “அண்ணா, இதற்கு மேல் ஒரு நூல்கூட வராது” என்றார். நானும் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. இடுப்பில் கையை விட்டால் உள்ளங்கையே போயிற்று. நாடாவின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கொக்கியான அட்ஜஸ்டர், இருக்கையின் பக்கத் துளைக்குள் நுழைந்து விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றிருந்தது. இழுக்கிற கைக்கு அது இறுக்கமாகத்தான் தெரியும். அப்படியே அவர் அதற்கு முன் பந்தயங்களிலும் ஓடியிருக்கிறார். என் கோபம் அவர்மேல் அல்ல. அந்த இருக்கையையும் பெல்ட்டையும் பொருத்திக்கொடுத்துப் பணம் வாங்கிய பட்டறைமேல். ஓட்டுநரை உட்காரவைத்துப் பார்க்காமலே அனுப்பியிருக்கிறார்கள். காரின் தரையோடு சேரும் நாடாவின் நீளத்தை மாற்றி, அட்ஜஸ்டர் துளையைவிட்டு முழுதாக விலகி நிற்கும்படி செய்தால் தீர்ந்தது. அவ்வளவு சின்ன வேலை.

அட்ஜஸ்டர் எங்கே, எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைச் சில்லறை விஷயமாக நினைக்காதீர்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த விபத்தில், அவருடைய இடது இடுப்பு பெல்ட் அறுந்திருந்தது. நாடா அட்ஜஸ்டரின் ஒரு மூலைக்கு ஒதுங்கி, சுமை முழுவதும் அந்த மூலையில் விழுந்ததால் கிழிந்தது என்று அந்தப் பந்தயத்தை நடத்தும் அமைப்பான நாஸ்கார் அந்த ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை சொன்னது. மரணத்துக்கு அது ஒன்றே காரணம் என்று அறிக்கை சொல்லவில்லை. இருந்தாலும் நாடா அட்ஜஸ்டருக்குள் நேராகப் புகுந்து நேராக வெளியே வருகிறதா என்று பாருங்கள். சாய்வாக இழுபட்டால் தரையில் போல்ட் இருக்கும் இடம் தவறு, அல்லது போல்ட்டில் மாட்டிய உலோகத் துண்டு திரும்ப வழியில்லாமல் இறுகியிருக்கிறது.

போல்ட்டின் இடத்தைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இடுப்பு பெல்ட் கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்குக் குறையாமல் கீழிறங்க வேண்டும். நிமிர்ந்து உட்காரும் இருக்கையில் 60 பாகையை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது. போல்ட் வெகு பின்னால் இருந்தால் பெல்ட் தட்டையாகக் கிடக்கும். எப்படிக் கட்டினாலும் மோதலில் வயிற்றுக்கு ஏறத்தான் செய்யும். படுத்தாற்போல் உட்காரும் ஒற்றை இருக்கைக் கார்களின் கணக்கு வேறு. அதற்கு பெல்ட்டோடு வரும் தாளைப் பாருங்கள். அந்தத் தாளை உறையோடு தூக்கி எறிகிறவர்களே அதிகம்.

நான்கு முனை போதும் என்று நினைப்பது

கவட்டு பெல்ட் என்பது பக்கிளைக் கீழே பிடித்துவைக்கும் நங்கூரம். அது இல்லாத, காரோடு நான்கே இடங்களில் சேரும் நான்கு முனை பெல்ட்டில், நான் மேலே சொன்ன தவறு தானாகவே நடக்கும். நழுவாதிருக்கவே தனியாக வடிவமைத்த சில நான்கு முனை பெல்ட்கள் உண்டு, அவை விதிவிலக்கு. ஐந்து முனையில் கவட்டுக்கு ஒரே பட்டை, ஆறு முனையில் இரண்டு. ஆறு வாங்குங்கள். ஒற்றைப் பட்டை கடும் மோதலில் எங்கே போய் அழுத்தும் என்பதை ஆண்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தோள் பெல்ட்டைப் பின்தரையில் கட்டுவது

பின்னிருக்கையின் பழைய போல்ட் துளை கைக்கு எட்டுகிறது என்பதற்காகவே இப்படிச் செய்கிறார்கள். பெல்ட் தோளைத் தாண்டிச் செங்குத்தாகக் கீழே போனால், உடல் முன்னால் பாயும்போது அது தோளைக் கீழ்நோக்கி அழுத்தும், முதுகெலும்பு நசுங்கும். ஹான்ஸ் எனும் தலை-கழுத்துக் காப்புக் கருவி அணிபவர்களுக்குத் தோளிலிருந்து கிடைமட்டமாகவோ, 20 பாகைக்குள் கீழ்நோக்கியோ போக வேண்டும். காருக்குள் பொருத்தும் பாதுகாப்புக் கூண்டான ரோல் கேஜின் குறுக்குக் கம்பிதான் அதற்கான இடம். கம்பி இருக்கையிலிருந்து தள்ளி இருந்தால் நாடா நீளும். நீளமான நாடா மோதலில் அதிகம் இழுபடும். கழுத்தை ஒட்டி வராமலும் தோளைவிட்டு நழுவாமலும் வர, பின்னால் ஒன்றையொன்று குறுக்கே விடலாம்.

கம்பியில் நாடாவைச் சுற்றும் முறை

நாடாவைப் பிடித்து நிறுத்தும் மூன்று கம்பி வளையத்தில் நாடா ஒருமுறை போய்த் திரும்பி வந்தால் போதாது. அதன் முனை மறுபடி வளையத்துக்குள் மடங்கிக் கோக்கப்பட வேண்டும். அப்படிக் கோக்காத நாடா கையால் இழுத்தால் அசையாது. மோதலில் உருவிக்கொண்டு வந்துவிடும். கோத்த பிறகு வால் 7.5 செ.மீ.க்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். வளையம் கம்பியை ஒட்டியே இருக்கட்டும். ஆய்வாளர்கள் முதலில் கையை வைப்பது இந்த இடத்தில்தான், அதற்குக் காரணம் இருக்கிறது.

தகரத்தில் துளையிட்டு போல்ட் போடுவது

புதிய துளை என்றால் அடியில் எஃகுத் தகடு வேண்டும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி பரப்பு 40 சதுர செ.மீ., தடிமன் 3 மி.மீ., இரண்டும் குறைந்தபட்சம். வாஷர் என்பது தகடு அல்ல.

ரோல் கேஜ் இல்லாத காரில் ஹார்னஸ்

சாதாரண பெல்ட் உடலைப் பக்கவாட்டில் கொஞ்சம் சாய விடும். ஹார்னஸ், அதாவது பந்தய பெல்ட், விடாது. கார் உருண்டு கூரை இறங்கினால், தலை அசைய வழியில்லாமல் நிமிர்ந்தே இருக்கும். கூண்டு இல்லாவிட்டால் ஹார்னஸ் வேண்டாம். அழகுக்காகச் சாலைக் காரில் மாட்டுகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

தேதி

எஃப்.ஐ.ஏ. முத்திரையில் இருக்கும் ஆண்டின் டிசம்பர் 31 வரை பெல்ட் செல்லும். அமெரிக்கத் தரச் சான்றான எஸ்.எஃப்.ஐ. 16.1 என்றால் தயாரித்த தேதியிலிருந்து 2 ஆண்டு. பழைய பெல்ட்டை மலிவாகக் கொடுப்பவர் நல்லவராக இருக்கலாம். வெயில் பட்ட நாடா அதைக் கண்டுகொள்ளாது.

மோதிய பெல்ட்

மாற்றுங்கள்.

பிளீச் போட்டுத் துவைப்பது

இழை பலம் போய்விடும். மிதமான சோப்பும் தண்ணீரும் போதும்.

கழற்றிப் பழகாதது

கட்டுவதில் இவ்வளவு கவனம் எடுப்பவர்கள், முழு இறுக்கத்தில் பக்கிளைத் திறந்து வெளியே வருவதை ஒருமுறைகூடச் செய்து பார்ப்பதில்லை. தொங்கும் பெல்ட்டின் வால் கியர் கம்பியிலோ ஸ்டீயரிங்கிலோ மாட்டும். ஹான்ஸ் கூண்டில் இடிக்கும். கையுறை போட்ட விரலுக்குப் பக்கிளின் திருகு சிக்காது. நின்ற காரில், ஹெல்மெட்டும் கையுறையும் அணிந்து, கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் ஒருமுறை, இடது கையால் ஒருமுறை திறந்து பாருங்கள்.