பள்ளியிலும் பாலர் பள்ளியிலும் நன்கொடை திரட்டுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன வாரம் தோழி ஒருத்தி அழைத்தாள். மகள் படிக்கும் பாலர் பள்ளியில் குழந்தைகள் தினத்தை ஒட்டி ஏதாவது ஓர் அறநிறுவனத்துக்கு நிதி திரட்டலாமா என்று முதல்வர் கேட்டாராம். "நீ ஏற்கெனவே செய்திருக்கே, எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லு" என்றாள். முக்கால் மணி நேரம் பேசினோம். பேசி முடித்ததும், இதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஆறு வருடமாக நான் சிங்கப்பூரில் பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருக்கிறேன். முதலில் பிள்ளைகளின் பராமரிப்பு நிலையத்தில், அப்புறம் தொடக்கப்பள்ளியில். இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. எந்தப் பிள்ளை எவ்வளவு கொண்டுவந்தது என்பது இன்னொரு பிள்ளைக்குத் தெரியவே கூடாது. கீழே சொல்லும் ஏற்பாடுகளில் பாதி அதற்காகத்தான்.

படி 1: முதலில் அனுமதி

எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் பள்ளியிடம் கேளுங்கள். தொடக்கப்பள்ளி என்றால் தலைமையாசிரியரின் ஒப்புதல் வேண்டும். கூடவே, விஐஏ என்று சொல்லப்படும் சமூகச் சேவைத் திட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியர் யார் என்று கேட்டு அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் அந்த வருடச் சேவைத் திட்டத்தோடு உங்கள் முயற்சியையும் இணைத்துவிட்டால் இரட்டை வேலை மிச்சம்.

பராமரிப்பு நிலையங்களில் கதை வேறு. பெரும்பாலானவை ஒரு பெரிய நிறுவனத்தின் கிளைகள். முதல்வர் சரி என்றாலும் தலைமை அலுவலகம் சரி சொல்ல வேண்டியிருக்கும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் இரண்டு மாதம் முன்னதாகவே தொடங்குங்கள். பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு 2015-லிருந்து நடத்தும் 'ஸ்டார்ட் ஸ்மால் டிரீம் பிக்' திட்டத்தில் உங்கள் நிலையம் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் சமூகத்துக்காகத் தாங்களே ஏதாவது செய்யும் திட்டம் அது. அங்கே ஏற்கெனவே ஓர் ஆசிரியர் பொறுப்பில் இருப்பார்.

படி 2: யாருக்காகத் திரட்டுகிறோம்?

மனதுக்குப் பிடித்த ஒரு நிறுவனத்தின் பெயர் உடனே வாயில் வந்துவிடும். இருந்தாலும் அறநிறுவன ஆணையர் நடத்தும் சாரிட்டி போர்ட்டல் இணையத்தளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டு விஷயம் தெரிய வேண்டும். பதிவு பெற்ற அறநிறுவனமா? ஐபிசி, அதாவது பொதுநல நிறுவனம் என்ற தகுதி உண்டா? ஐபிசி தகுதி உள்ள நிறுவனத்துக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. 100 வெள்ளி கொடுத்தவரின் வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி குறையும். பெற்றோர் கட்டாயம் இதைக் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

பிள்ளைகளுக்குப் புரிகிற காரணமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. 2000-ல் தொடங்கிய பள்ளிக் கைச்செலவு நிதி ஓர் எடுத்துக்காட்டு. 'உன்னை மாதிரி ஒரு பிள்ளைக்கு இடைவேளையில் சாப்பிடக் காசு' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். சிறுவர் புற்றுநோய் அறநிறுவனம், சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இவற்றையும் பிள்ளைகளுக்கு எளிதாக விளக்கலாம். எந்த ஒன்றைத் தேர்வது என்று முடிவாகாவிட்டால், பல அமைப்புகளுக்காகச் சேர்த்து நிதி திரட்டும் கம்யூனிட்டி செஸ்ட் அல்லது அதிபர் சவால் வழியாகக் கொடுக்கலாம். அதிபர் சவாலை 2000-ல் தொடங்கிவைத்தவர் அப்போதைய அதிபர் எஸ். ஆர். நாதன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஊரில் உள்ள பள்ளிக்கோ, வெளிநாட்டில் வெள்ளம் வந்த இடத்துக்கோ அனுப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்ட ஆணையரின் அனுமதி வேண்டும். செலவு போக மிஞ்சும் தொகையில் 80 விழுக்காடு உள்ளூரிலேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி, விலக்கு வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும். முதல்முறை செய்பவர் இதில் இறங்காமல் உள்ளூர் நிறுவனத்தோடு நின்றுகொள்வதே மேல்.

நிறுவனத்தை முடிவு செய்ததும் அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பெயரில் திரட்டக் கூடாது. எழுதினால் ஒப்புதல் கடிதமும், அவர்களுடைய சின்னம், கைப்பேசியில் பணம் செலுத்துவதற்கான பேநவ் கியூஆர், சில சமயம் உண்டியலும்கூடக் கிடைக்கும்.

படி 3: எந்த வடிவில்?

சின்னப் பிள்ளைகளுக்கு உண்டியல்தான் சரி. வீட்டில் தீர்ந்துபோன மைலோ டின்னைக் கழுவிக் காயவைத்து, மூடியில் ஒரு கீறல் போட்டு, வெளியே வெள்ளைத்தாள் ஒட்டிவிடுங்கள். பிள்ளை அதில் படம் வரைந்து இரண்டு வாரம் வீட்டில் வைத்திருக்கட்டும். ஒரு வேலை செய்தால் ஒரு காசு என்று சில வீடுகளில் பழக்குவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. செருப்பை அடுக்கிவைப்பது பிள்ளை செய்ய வேண்டிய வேலைதானே? தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதைப் பழக்குவதுதான் எனக்குப் பிடிக்கும்.

தொடக்கப்பள்ளியில் பழைய புத்தக விற்பனை, பிள்ளைகள் செய்த புத்தகக்குறி, வாழ்த்து அட்டை விற்பனை எல்லாம் நன்றாகப் போகும். விலையை ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று முழுத்தொகையாக வையுங்கள், சில்லறைத் தொல்லை இருக்காது.

உணவு விற்பதற்கு முன் பள்ளியிடம் தனியாகக் கேளுங்கள். சர்க்கரை பானங்களுக்கும் பொரித்த பண்டங்களுக்கும் பள்ளிகளில் கட்டுப்பாடு உண்டு. பல பாலர் பள்ளிகளில் கடலை சேர்ந்த எதையும் உள்ளே விடமாட்டார்கள். ஹலால் கேள்வியும் வரும். முறுக்கும் கேசரியும் விற்றால் வரிசை நிற்கும் என்பது உண்மைதான். முதல் வருடம் அது வேண்டாமே.

குலுக்கல் சீட்டு அறவே வேண்டாம். காசுக்குச் சீட்டு விற்றுப் பரிசு கொடுப்பது சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் எல்லைக்குள் போய்விடும். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது தேவையும் இல்லை.

அதேபோல் உண்டியலோடு பள்ளி வாசலைத் தாண்டி எம்ஆர்டி நிலையத்திலோ புளோக் புளோக்காகவோ கேட்கப் போனால் அது வேறு கணக்கு. தெருவிலும் வீடு வீடாகவும் திரட்டுவதற்கு உரிமம் வேண்டும். கொடி நாளில் ஸ்டிக்கர் ஒட்டும் மாணவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பின்னால் உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் இருக்கிறது.

படி 4: பெற்றோருக்குக் கடிதம்

கடிதம் அரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். தொடக்கப்பள்ளியில் பேரண்ட்ஸ் கேட்வே செயலி வழியாகப் பள்ளியே அனுப்பிவிடும். நான் பயன்படுத்தும் வடிவம் இது:

"அன்புள்ள பெற்றோருக்கு, ஜூலை இரண்டாம், மூன்றாம் வாரங்களில் நம் பள்ளி (நிறுவனத்தின் பெயர்)-க்காக நன்கொடை திரட்டுகிறது. திரளும் தொகை முழுவதும் அந்த நிறுவனத்துக்கே போகும். கலந்துகொள்வது உங்கள் விருப்பம். தொகைக்கு அளவு இல்லை. உறையில் பெயரோ வகுப்போ எழுத வேண்டாம். வரிக்கழிவு பெற விரும்புவோர் கீழே உள்ள கியூஆர் வழியாக நிறுவனத்துக்கு நேரடியாகச் செலுத்தலாம். ஐயம் இருந்தால் (பொறுப்பாசிரியர்) அவர்களைத் தொடர்புகொள்ளுங்கள்."

'பெயரோ வகுப்போ எழுத வேண்டாம்' என்ற வரி என் கடிதத்தில் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

முதல் வருடம் நாங்கள் பள்ளி நடைபாதையில் ஓர் அட்டை வைத்தோம். வகுப்புக்கு ஒரு கம்பம், திரண்ட தொகை ஏற ஏற வண்ணம் ஏறும். உற்சாகமாக இருந்தது. நான்காம் நாள் கேண்டீனில் சோறு விற்கும் ஆண்ட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தொடக்கநிலை மூன்றில் ஒரு பையன் இரண்டு நாளாக எதுவும் வாங்காமல் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகிறான் என்றார். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் பசியில்லை என்றான். அப்புறம் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே, "எங்க கிளாஸ் கடைசியில இருக்கு ஆண்ட்டி" என்றான். தினமும் கிடைத்த இரண்டு வெள்ளியையும் உறையில் போட்டிருக்கிறான்.

பசியோடு இருக்கும் பிள்ளைகளுக்காகத் திரட்டப் போய் ஒரு பிள்ளையைப் பசியோடு உட்காரவைத்துவிட்டோம். அன்று மதியமே அட்டையைக் கழற்றினோம். அதற்கப்புறம் வகுப்புப் போட்டி, நட்சத்திரம், 'அதிகம் கொடுத்தவர்' சான்றிதழ் எதுவும் எங்கள் ஏற்பாட்டில் கிடையாது. யாராவது ஆர்வத்தில் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

படி 5: பிள்ளைகளிடம் பேசுவது

நான்கு வயதுப் பிள்ளைக்கு 'நன்கொடை' என்ற சொல் புரியாது. ஒரு தட்டில் ஐந்து பிஸ்கட்டும் இன்னொரு தட்டில் ஒன்றும் வைத்துக் காட்டுங்கள், மிச்சத்தை அவர்களே சொல்வார்கள். நோயாளிப் பிள்ளைகளின் சோகப் படங்களைக் காட்டி அழவைக்க வேண்டாம். உதவி பெறும் குடும்பத்துப் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். 'ஏழைப் பிள்ளைகள்' என்று சொல்லாமல் 'இப்போது கொஞ்சம் உதவி தேவைப்படும் குடும்பம்' என்று சொல்லுங்கள்.

படி 6: காசைக் கையாள்வது

இதில்தான் முழுக் கவனமும் வேண்டும். பெயர் கெடுவதற்கு ஐந்து வெள்ளி குறைந்தாலே போதும்.

எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணுக்குப் பேநவ் வாங்காதீர்கள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கவே வேண்டாம். நிறுவனத்தின் பதிவு எண்ணான யூஇஎன் எண்ணில் உள்ள கியூஆரை மட்டும் அச்சடித்து ஒட்டுங்கள். ஒட்டியதும் நீங்களே ஒரு வெள்ளி அனுப்பி, திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

ரொக்கத்தை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும், அதில் ஒருவர் பள்ளி ஊழியராக இருக்க வேண்டும். எங்கள் முறை இப்படி: ஒரு பெரிய தட்டு, கீழே பழைய நாளிதழ். தட்டில் கொட்டி, 5, 10, 20, 50 காசு, ஒரு வெள்ளி என்று ஐந்து குவியல் பிரிப்போம். பத்துப் பத்தாக அடுக்கி, ஒருவர் எண்ணிச் சொல்ல மற்றவர் எழுதுவார், அப்புறம் இடம் மாறி மறுபடி எண்ணுவோம். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. நடுவில் மலேசிய 20 சென், சட்டைப் பொத்தான், ஒரு முறை முன்பல்கூட வந்தது. பல்லை ஒரு சின்ன உறையில் போட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தோம், உரிமையாளர் கிடைத்துவிட்டார்.

எண்ணியதை அன்றே பள்ளி அலுவலகப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, நீங்களும்தான். நாணயம் கனக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு வெள்ளி நாணயம் 7.62 கிராம், இருநூறு சேர்ந்தால் ஒன்றரைக் கிலோ. நாணயங்களை வங்கியில் போடக் கட்டணம் இருக்கலாம். நிறுவனமே வந்து எடுத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிதி திரட்டும் செலவு திரண்ட தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அறநிறுவனங்களுக்கான விதி. பள்ளியில் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகத் தேவையில்லை. மைலோ டின்னும் மறுபயன்பாட்டுத் தாளும் இருக்கும்போது டி-சட்டை அச்சடிப்பானேன்?

படி 7: ரசீது, வரிக்கழிவு, படங்கள்

உண்டியலில் பெயரில்லாமல் போட்ட காசுக்கு வரிக்கழிவு கிடைக்காது. கழிவு வேண்டுமானால் நன்கொடையாளர் தம் அடையாள அட்டை எண்ணை நிறுவனத்திடம் தர வேண்டும், விவரம் அங்கிருந்து உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தானாகப் போய்விடும். அந்த எண்களை நீங்கள் ஒரு தாளில் திரட்டவே வேண்டாம். நிறுவனத்தின் தளத்திலோ, நன்கொடைகளுக்கான கிவிங் டாட் எஸ்ஜி தளத்திலோ அவர்களே நேரடியாகக் கொடுக்கட்டும்.

பிள்ளைகளின் படங்களைப் பெற்றோர் சம்மதமின்றி எங்கும் போடாதீர்கள்.

படி 8: முடிந்த பிறகு

நிறைய பேர் இங்கே விட்டுவிடுகிறார்கள். தொகை போய்ச் சேர்ந்தது என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதே இல்லை. இரண்டு வாரத்துக்குள் மொத்தத் தொகையைக் காசு வரை சொல்லிவிடுங்கள். 'ஏறக்குறைய ஆயிரம்' என்று சொல்லாமல் '1,042 வெள்ளி 35 காசு' என்று சொல்லுங்கள். அந்த 35 காசில் தன் காசும் இருக்கிறது என்று ஒரு பிள்ளை நிச்சயம் நினைக்கும்.

நிறுவனம் அனுப்பும் ரசீதையும் நன்றிக் கடிதத்தையும் படியெடுத்து வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பெரியவர்களின் கண் மட்டத்தில் ஒட்டாமல் பிள்ளைகள் நின்று படிக்கும் உயரத்தில் ஒட்டுங்கள். பாலர் பள்ளி என்றால் தரையிலிருந்து ஒரு மீட்டர் சரியாக இருக்கும்.