அமெரிக்கப் படையில் இருப்பவரின் துணையாக ஜெர்மனிக்கு: புதியவர்களுக்கான செய்முறை

உங்கள் கணவரோ மனைவியோ அமெரிக்கத் தரைப்படையிலோ விமானப்படையிலோ இருக்கிறார், ஜெர்மனிக்கு மாற்றல் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் போன மறுநாளே வேலை, சீருடை, கூடப் பழக ஆட்கள் எல்லாம் இருக்கும். நமக்கு அப்படி எதுவும் காத்திருக்காது. போதாததற்கு, பெட்டிகளைப் பிரித்து முடிக்கும் முன்பே பயிற்சிக்கென்று அவர் வாரக்கணக்கில் கிளம்பிப் போகலாம்.

அதனால் நான் சொல்லும் வரிசைக்கு ஒரே நோக்கம்தான். அவர் ஊரில் இல்லாத வாரத்திலும் வீடு, கார், மருத்துவர், பணம் நான்கையும் நீங்கள் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவேண்டும். ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: மாற்றல் உத்தரவில் உங்கள் பெயர் இருக்கிறதா?

வேறு எதையும் தொடங்கும் முன் இதைப் பாருங்கள். குடும்பத்தை அழைத்துவர படை கொடுக்கும் அனுமதிக்கு ‘கமாண்ட் ஸ்பான்சர்ஷிப்’ என்று பெயர். அது கிடைத்தால் உங்கள் பெயர் உத்தரவில் ஏறும். விமானச் செலவு, குடும்பத்துக்கான வீட்டுப்படி, ட்ரைகேர் ஓவர்சீஸ் பிரைம் மருத்துவத் திட்டம், பிள்ளைகளுக்குப் பாதுகாப்புத் துறைப் பள்ளியில் கட்டணமில்லாத இடம் எல்லாமே அந்த ஒரு வரியைப் பிடித்துத்தான் வருகின்றன. ‘நீ முதலில் போ, நான் டிக்கெட் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறேன்’ என்று அனுமதி இல்லாமல் கிளம்பாதீர்கள். பிரிந்திருப்பது கஷ்டம்தான். ஆனால் அனுமதி இல்லாமல் போய்ச் சேர்ந்தால் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டிவரும்.

ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு போனால் பணிக்காலம் வழக்கமாக 36 மாதம், தனியாகப் போனால் 24 மாதம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள்.

அனுமதிக்கு முன் குடும்பத்தில் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. தொடர்ந்து எடுக்கும் மருந்து, பழைய மனஅழுத்த சிகிச்சை, பிள்ளைக்குத் தேவையான சிறப்புப் பயிற்சி, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். போகும் இடத்தில் அதற்கு வசதி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனையின் வேலை.

படி 2: பாஸ்போர்ட், சோஃபா, கிரீன் கார்டு

நேட்டோ நாடுகள் 1951-இல் லண்டனில் கையெழுத்திட்ட படைநிலை ஒப்பந்தத்தைத்தான் எல்லோரும் ‘சோஃபா’ என்கிறார்கள். ஜப்பானோடு அமெரிக்கா 1960-இலும் கொரியாவோடு 1966-இலும் தனித்தனியாக இதுபோல ஒப்பந்தம் செய்துகொண்டது. படையினரோடு வரும் குடும்பத்தினர் அந்த நாட்டில் தங்குவது இதன்படிதான். ஜெர்மனியில் உங்கள் பாஸ்போர்ட்டோடு சோஃபா சான்றும் இருக்க வேண்டும். எல்லை தாண்டிப் பயணம் போகும்போது அதைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அமெரிக்கக் குடிமகளோ குடிமகனோ என்றால் படை உத்தரவின் பேரில் கட்டணமில்லாத பாஸ்போர்ட் வாங்கித் தருவார்கள். சொந்தச் சுற்றுலாவுக்குச் சாதாரண பாஸ்போர்ட்டும் தனியாக வைத்திருப்பது நல்லது. இந்தியா, இலங்கை போன்ற நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், நுழைவு விசா வேண்டுமா என்பதைப் படையின் பாஸ்போர்ட் அலுவலகத்தில் முதல் நாளே கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் அடுத்த சில வரிகளை இரண்டு முறை படியுங்கள், நம்மவர்களில் நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. அமெரிக்கக் குடிமகனான துணை ஓராண்டுக்குக் குறையாத காலத்துக்கு வெளிநாட்டில் பணியமர்த்தப்பட்டிருந்தால், குடியேற்றச் சட்டத்தின் 319(பி) பிரிவின்படி வழக்கமான மூன்றாண்டுக் காத்திருப்பு இல்லாமலேயே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். படையினரின் துணைக்கு 319(இ) என்று இன்னொரு பிரிவும் உண்டு. உத்தரவின்படி கூடவே வெளிநாட்டில் வாழ்ந்த காலம் அமெரிக்காவில் வாழ்ந்த காலமாகவே கணக்கில் வரும். இரண்டில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று தளத்தின் சட்ட உதவி அலுவலகத்தில் கேளுங்கள். விண்ணப்பம் என்-400, அதோடு படை தரும் டிடி 1278 சான்றும் வேண்டும். கிளம்பும் முன்பே கேட்பது நல்லது.

படி 3: சாமான்

சாமான் வழக்கமாக இரண்டு பகுதியாகப் போகும். விரைவில் வரும் சிறு சுமை ஒன்று, வர மாதக்கணக்கில் ஆகக்கூடிய பெரிய சுமை ஒன்று. சமையல் பாத்திரம், படுக்கை விரிப்பு, குளிர் உடை முதல் சுமையில் போகட்டும். திருமணச் சான்று, பிறப்புச் சான்று, உத்தரவின் பல நகல்கள், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை எந்தச் சுமையிலும் போடாமல் கையிலேயே எடுத்துப்போங்கள்.

ஜெர்மனியில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் மோட்டார் உள்ள சில சாதனங்கள் மெதுவாக ஓடும், சூடாகும். லேப்டாப், போன் சார்ஜர்களுக்குப் பெரும்பாலும் பிளக் மட்டும் மாற்றினால் போதும்.

நாயோ பூனையோ இருந்து ஜப்பான் போகிறீர்கள் என்றால் வேலையை இன்றே தொடங்குங்கள். மைக்ரோசிப், இரண்டு ரேபிஸ் ஊசி, ரத்தப் பரிசோதனை, அதன்பின் 180 நாள் காத்திருப்பு என்று நீளும்.

படி 4: முதல் இரண்டு வாரம்

தற்காலிகமாக விடுதியில் தங்கும் நாட்களுக்கு ‘டிஎல்ஏ’ என்ற படித்தொகை உண்டு. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். இந்த நாட்களில் முடிக்க வேண்டியவை: டீர்ஸ் (படையினர், குடும்பத்தினர் விவரங்கள் இருக்கும் பதிவேடு) பதிவில் புதிய முகவரி, சோஃபா சான்று, ட்ரைகேர் மாற்றம், ஏபிஓ (படையின் அஞ்சல் நிலையம்) அஞ்சல் பெட்டி. ட்ரைகேர் திட்டத்தை மாற்ற இடமாற்றத்துக்குப் பிறகு 90 நாள் அவகாசம் உண்டு, ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். ஏபிஓ முகவரிக்கு அமெரிக்காவிலிருந்து வரும் பார்சலுக்கு உள்நாட்டு அஞ்சல் கட்டணம்தான்.

இதற்கெல்லாம் உங்கள் துணையின் பின்னால் நிற்காமல், அலுவலகங்களுக்கு நீங்களும் கூடப் போங்கள். எந்த அறையில் எந்த வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்வது பிறகு பெரிய பலம்.

படி 5: வீடு

தளத்துக்குள் வீடு கிடைக்காவிட்டால் வெளியே வாடகைக்குப் பார்க்க வேண்டும். அதற்கான படித்தொகைக்கு ‘ஓஹெச்ஏ’ என்று பெயர். அமெரிக்காவில் கிடைத்த வீட்டுப்படியில் மிச்சம் பிடித்திருப்பீர்கள். இங்கே அது நடக்காது. உச்சவரம்புக்குள் உண்மையான வாடகை எவ்வளவோ அவ்வளவுதான் தருவார்கள். அதனால் மலிவான வீடு தேடி அலையாமல், பேருந்து நிறுத்தத்துக்கும் தளத்துக்கும் அருகில் இருக்கும் வீட்டைத் தேடுங்கள்.

ஜெர்மானிய வாடகை வீடுகளில் சமையலறை அலமாரியோ விளக்கோ இல்லாமல் வெறும் ஒயர் தொங்குவது சாதாரணம். எது வீட்டோடு வருகிறது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தளத்தின் வீட்டு வசதி அலுவலகம் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், அன்று துளை போடுவது, புல் வெட்டுவது கூடாது. குப்பையைப் பிரித்துப் போடும் முறையை முதல் வாரமே பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது.

படி 6: கார் ஓட்டும் உரிமம்

இதைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட்டால் அவர் இல்லாத நாளில் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டும். ஜெர்மனியில் படையினர் குடும்பங்களுக்குத் தனி உரிமம் உண்டு, எழுத்துத் தேர்வு எழுதி வாங்க வேண்டும். சாலைக் குறிகளை நன்றாகப் படியுங்கள். குறியே இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை, அது சின்னச் சந்திலிருந்து வந்தாலும். மஞ்சள் சாய்சதுரக் குறி தெரிந்தால் முன்னுரிமை உங்கள் சாலைக்கு. ஆட்டோபான் எனும் அதிவேக நெடுஞ்சாலையில் இடப்பக்கமாக மட்டுமே முந்தலாம். அவசரத்துக்கு 112, காவல்துறைக்கு 110.

படி 7: பவர் ஆஃப் அட்டர்னி

அவருக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போட உரிமை தரும் பத்திரம் இது. அவர் வெளியூர் போகும் முன் சட்ட உதவி அலுவலகத்தில் இதைக் கட்டணமில்லாமல் எழுதி வாங்கலாம். எல்லாவற்றுக்குமான பொது அதிகாரப் பத்திரத்தைச் சில அலுவலகங்கள் ஏற்பதில்லை. கார் பதிவு, சாமான் பெறுதல், வீடு, சம்பள விவகாரம் என்று குறிப்பிட்ட வேலைகளுக்குத் தனித்தனியாக எழுதுங்கள். முடியும் தேதியை அவர் திரும்பும் நாளுக்குச் சில மாதம் பின்னால் வையுங்கள், ஏனெனில் பணிக்காலம் நீளலாம். வங்கிக் கணக்கில் உங்கள் பெயரும் இருக்கட்டும். மாதச் சம்பளச் சீட்டைப் படிக்க இருவரும் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள்.

படி 8: வேலையும் படிப்பும்

வீட்டிலிருந்தே அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்ய நினைத்தால், முதலில் சட்ட அலுவலகத்திலும் உங்கள் நிறுவனத்திலும் கேளுங்கள். ஜெர்மானிய வருமான வரியும் வேலை அனுமதியும் குறுக்கே வரலாம். படிக்க விரும்பினால் ‘மைகா’ என்ற உதவித்தொகை, தகுதியுள்ள துணைவர்களுக்கு 4,000 டாலர் வரை தருகிறது. அவருடைய பதவி நிலையைப் பொறுத்துத் தகுதி மாறும்.

படி 9: ஆட்கள்

தரைப்படைத் தளங்களில் ஆர்மி கம்யூனிட்டி சர்வீஸ், விமானப்படைத் தளங்களில் குடும்ப ஆதரவு மையம் என்று இருக்கும். புதியவர்களுக்கான வகுப்பு, ஜெர்மன் மொழி வகுப்பு பற்றி அங்கே கேளுங்கள். மனம் சோர்ந்தால், படைக் குடும்பங்களுக்கான உதவிச் சேவையான மிலிட்டரி ஒன்சோர்ஸ் கட்டணமில்லாமல் ஆலோசகரைத் தருகிறது. ஒரு பிரச்சினைக்கு 12 அமர்வு வரை போகலாம். அங்கே போவது பலவீனம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். புது நாட்டில், தெரியாத மொழியில், தனியாக இருக்கும்போது எவருக்கும் சோர்வு வரும்.

அவர் எங்கே போகிறார், என்றைக்குத் திரும்புகிறார் என்பதை முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ எழுதாதீர்கள். சொந்தங்கள் கேட்டால் ‘பயிற்சிக்குப் போயிருக்கிறார்’ என்பதோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று, ஊரில் இருக்கும் பெற்றோருக்காக. வீட்டில் யாருக்காவது உடல்நிலை மோசமானால் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் அதைச் சரிபார்த்து அவருடைய படைப்பிரிவுக்குச் செய்தி அனுப்பும். விடுப்பு கொடுப்பதை அதிகாரிதான் முடிவு செய்வார். அவருடைய முழுப்பெயர், பதவி, பிரிவு, பிறந்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான ஒரு உறவினரிடம் இப்போதே கொடுத்து வையுங்கள்.