கடைப் பலகையில் ‘ஸ்டேஷனரி’: எட்டாவது எழுத்தைக் கவனியுங்கள்

கல்லடியில் பெயர்ப்பலகையும் பெனரும் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. முதல் வருடமே செங்கலடியில் ஒரு கொப்பிக் கடைக்குப் பத்தடிப் பலகை செய்தேன். கடைக்காரர் எழுதித் தந்த துண்டில் இருந்தபடியே ‘ஸ்டேஷனரி’ என்று ஆங்கிலத்தில் (stationary) போட்டேன். பலகை ஏறிய அன்றே கடைக்காரரின் மகள் பார்த்துவிட்டு, “அண்ணா, நம்மட கடை அசையாமல் நிக்குது எண்டு எழுதியிருக்கிறீங்க” என்றாள். அந்தப் பிள்ளை சொன்னது சரி. கணினி சிவப்புக் கோடு போடவில்லை, போடவும் போடாது. stationery, stationary இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்.

இரண்டிலும் பத்து எழுத்து. எட்டாவது எழுத்து மட்டும்தான் வேறு. அங்கே ஆங்கில ஈ (e) வந்தால் கொப்பி, பேனை, கடதாசி, கடித உறை. அரச படிவங்களில் காகிதாதிகள் என்று போடுவார்களே, அது. ஏ (a) வந்தால் அசையாமல் நிற்பது.

நினைவில் வைக்க எனக்கு உதவியது தமிழ்தான். எழுதுபொருளுக்கு முதல் எழுத்து எ, அசையாததற்கு அ. ஆனால் ஆங்கில எழுத்தை ‘ஏ’ என்று கூப்பிடும் ஓசையை வைத்துப் போனால் மாறிவிடும். பெயர் எழுதும் வழக்கத்தை நினையுங்கள்: எழிலனை ஆங்கிலத்தில் ஈ போட்டுத் தொடங்குகிறோம், அருளை ஏ போட்டு. அதே கணக்குத்தான் இங்கும்.

இன்னொரு வழி, பேக்கரி. அந்தச் சொல்லை எந்தப் பலகையிலும் பிழையாக நான் கண்டதில்லை. பேக்கர் நடத்துவது பேக்கரி; அதுபோல ஸ்டேஷனர் விற்பது ஸ்டேஷனரி. இரண்டிலும் ஈ, ஆர், வை என்றுதான் முடியும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் சுற்றித் திரிந்து விற்றவர்களே அதிகம். புத்தகமும் கடதாசியும் விற்றவர்கள் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்ததால் அந்தப் பெயர் வந்தது. இரண்டு சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை. குழப்பம் வருவதில் வியப்பில்லை.

ஏ போட்ட சொல்லும் நமக்குத் தேவைப்படும். ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் காப்புறுதிக்குக் கடிதம் அடிக்க வந்தார். வீதியோரம் நிறுத்தியிருந்த ஓட்டோவில் வேறொரு வாகனம் மோதியிருந்தது. ‘என் வண்டி நின்றுகொண்டிருந்தது’ என்பதற்கு ஏ உள்ள சொல்லைத்தான் போட்டுக் கொடுத்தேன்.

கடைசியில் எஸ் சேர்த்து ‘ஸ்டேஷனரீஸ்’ ஆக்கவும் வேண்டாம். எத்தனை சாமான் விற்றாலும் அந்தச் சொல் ஒருமைதான்.

ஏற்கெனவே பிழையாக மாட்டிவிட்டீர்களா? பலகையைக் கழற்ற வேண்டியதில்லை. எட்டாவது எழுத்தின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து, பின்னணி நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மறையுங்கள். அதன்மேல் ஈ எழுத்தை வெட்டி ஒட்டுங்கள். வெயில் ஏறுமுன் காலையிலேயே ஒட்டினால் குமிழ் விழுவது குறையும். செங்கலடிப் பலகையையும் அப்படித்தான் திருத்திக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.