கூப்பிட்டால் கிளம்பும் தேடல் நாய்க் குழு: மலையூர்களில் தொடங்குவது எப்படி?

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை, அதாவது வரிசை வீடுகளை, மூடியது. இறந்தவர்கள் 70 பேர். அவர்களில் பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நம் மக்கள். மின்சாரமும் போனும் இல்லாததால் சேதி வெளியே வந்து சேரவே மறுநாள் காலை ஆகிவிட்டது. எட்டாம் நாள், அங்கேயே வளர்ந்த குவி என்ற நாய், தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் ஆற்றில் கிடந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது. அதற்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை.

அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் நீலகிரியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினோம். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. அந்தத் தேசியப் படையிடம் அருமையான நாய்கள் உண்டு. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது அந்தப் படையின் ரோமியோ, ஜூலி என்ற இரண்டு லாப்ரடார்கள் இடிபாட்டுக்குள் உயிரோடிருந்த ஆறு வயதுச் சிறுமி இருந்த இடத்தைக் கண்டுபிடித்தன. ஆனால் அரக்கோணத்திலிருந்து மலையேறி வர எத்தனை வேகமாக வந்தாலும் பல மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் உள்ளூர்க்காரர்கள் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மண்சரிவு எப்போதோ வருவது. நமக்கு அடிக்கடி வரும் அழைப்பு வேறு மாதிரி இருக்கும்: ஞாபகமறதியுள்ள பெரியவர் வீட்டை விட்டு இறங்கிப் போய்விட்டார், விறகுக்குப் போன அம்மா திரும்பவில்லை.

படி 1: முதலில் ஆட்கள்

நிறையப் பேர் முதல் வேலையாக நாய்க்குட்டி வாங்கிவிடுகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இரண்டு நாய்க்கு எட்டுப் பேராவது வேண்டும். நாயைக் கையாளுபவரின் கண் நாய் மீதே இருக்கும், அதனால் அவரோடு வழி பார்க்கவும் வாக்கி டாக்கியில் பேசவும் இன்னொருவர் நடக்க வேண்டும். பயிற்சியில் ஒளிந்துகொள்ள ஆள் வேண்டும். அழைப்பை எடுத்துக் குறித்து வைக்க ஒருவர், வண்டி ஓட்ட ஒருவர். நாய் இல்லாத இந்த ஆட்கள்தான் குழுவின் முதுகெலும்பு. எல்லோருக்கும் முதலுதவியும் வரைபடம், திசைகாட்டி பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். மலை மடிப்பில் போனில் உள்ள மேப்பை மட்டும் நம்ப முடியாது.

படி 2: அதிகாரிகளிடம் முகம் காட்டுங்கள்

எங்கள் முதல் விதி: அழைக்காமல் போகக்கூடாது, அழைத்தால் போகாமல் இருக்கக்கூடாது. கேட்காமல் போய் நிற்கும் குழு, நடந்துகொண்டிருக்கும் தேடலைக் கலைத்துவிடும்.

அழைப்பு வர வேண்டுமென்றால் நீங்கள் இருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். மாவட்டப் பேரிடர் மேலாண்மைக்குத் தலைவர் ஆட்சியர். அவருக்கு எழுத்துமூலம் உங்கள் ஆட்கள், நாய்கள், எதற்குப் பயிற்சி பெற்றவை, எதற்குப் பெறாதவை என்று தெளிவாகக் கொடுங்கள். 1077 எண்ணில் வரும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, தீயணைப்பு நிலையம், காவல் நிலையம், வனச்சரக அலுவலகம் நான்கிலும் நேரில் போய்ப் பேசுங்கள். ஆப்த மித்ரா என்ற அரசின் பேரிடர்த் தன்னார்வலர் பயிற்சி உங்கள் மாவட்டத்தில் நடந்தால் சேர்ந்துவிடுங்கள்.

வனத்துறையை விட்டுவிடாதீர்கள். சரணாலயத்துக்குள் நுழைய 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை. பயிற்சிக்குக்கூட நாயோடு காட்டுக்குள் போகாதீர்கள். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுத் தேயிலைக் காட்டிலும் பஞ்சாயத்துப் புறம்போக்கிலும் பழகினாலே போதும்.

படி 3: நாயைத் தேர்ந்தெடுப்பது

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பெல்ஜியன் மாலினாய் மூன்றும் உலகெங்கும் இந்த வேலைக்கு வருபவை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள், மூக்கை நம்பித் தேட வைப்பது கடினம். அதற்காக இனத்தைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1995 ஓக்லஹோமா குண்டுவெடிப்புக்குப் பின் வில்மா மெல்வில் தொடங்கிய அமைப்பு, காப்பகங்களில் கைவிடப்பட்ட நாய்களை எடுத்தே பேரிடர் தேடலுக்குப் பழக்குகிறது. எங்கள் இரண்டில் ஒன்று தெருவில் கிடைத்த கலப்பு நாய்தான்.

முதலில் பார்க்க வேண்டியது விட்டுக்கொடுக்காத குணம். நாய்க்குப் பிடித்த பந்தை அதன் கண்ணெதிரே புதருக்குள் எறியுங்கள். அரை நிமிடம் முகர்ந்துவிட்டு உங்களிடம் திரும்பி வருகிறதா, பத்து நிமிடமானாலும் முட்டி மோதித் தேடுகிறதா? பின்னதுதான் உங்கள் நாய். தகரத்தின் மேல் நடக்கத் தயங்காமலும், புதியவர்களிடம் பயமோ கோபமோ இல்லாமலும் இருக்க வேண்டும். ஆளைக் கடிக்கும் நாய்க்கு இந்த வேலையில் இடமே கிடையாது.

படி 4: பயிற்சி

தேடல் நாய்கள் பலவகை. குறிப்பிட்ட ஒருவரின் தடத்தைத் தொடர்வது ஒன்று, இறந்த உடலைக் கண்டறிவது இன்னொன்று. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வகை: காற்றில் வரும் மனித வாடையைப் பிடித்து, அந்தப் பகுதியில் யார் இருந்தாலும் கண்டுபிடிப்பது. தடம் மிதிபட்டிருந்தாலும் இது வேலை செய்யும்.

முதல் பாடம் ஓடி ஒளிதல். ஒருவர் நாயின் பொம்மையைக் காட்டிக்கொண்டே ஓடி, காற்று வரும் திசையில் பதினைந்து அடி தள்ளி ஒரு புதருக்குப் பின்னால் உட்கார வேண்டும். நாயை விடுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒளிந்திருப்பவர் பொம்மையைக் கொடுத்து ஆசைதீர விளையாட வேண்டும். பரிசு அவரிடமிருந்துதான் வர வேண்டும், கையாளுபவரிடமிருந்து அல்ல. ‘மனுசனைக் கண்டுபிடித்தால் சந்தோஷம்’ என்று நாய்க்குப் பதிவது இப்படித்தான். பிறகு மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டுங்கள், அடுத்து நாய்க்குத் தெரியாமல் ஒளியுங்கள். கடைசியில், குரைத்தால்தான் பொம்மை. ஆள் அருகிலேயே நின்று குரைத்துக் கூப்பிடும் பழக்கம் அப்படி வரும்.

ஒளிபவர்களை மாற்றிக்கொண்டே இருங்கள். புடவை கட்டியவர், கம்பளி போர்த்தியவர், மழைக்கோட்டுக்காரர், முனகும் பெரியவர், தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருப்பவர். எங்கள் நாய் ஒன்று, கம்பளி மூடிப் படுத்திருந்த பாட்டியைப் பார்த்துப் பின்வாங்கியது. அதுவரை நாங்கள் இளைஞர்களை மட்டுமே ஒளிய வைத்திருந்தோம், தவறு எங்களுடையது.

காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வது கையாளுபவரின் பாதி வேலை. வாடை ஆளிடமிருந்து கிளம்பி, கூம்பு போல விரிந்து போகும். முகப்பவுடர் டப்பாவை அமுக்கினால் காற்று எங்கே போகிறது என்று தெரியும். மலையில் இன்னொன்றும் உண்டு. வெயில் ஏறியதும் சரிவின் காற்று மேல்நோக்கிப் போகும், இரவிலும் விடியலிலும் குளிர்ந்து கீழே இறங்கும். ஆகவே விடியற்காலையில் சரிவின் அடிப்பக்கமாகவும், உச்சி வெயிலில் மேல்விளிம்பிலும் நாயை நடத்துங்கள். இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஓராண்டு ஆனது. புரிந்த நாளிலிருந்து எங்கள் நாய்கள் ‘கெட்டிக்காரத்தனமாக’ மாறிவிட்டன!

வாரம் இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும். நாய் களத்துக்குத் தயாராக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். அதற்கு முன் யார் கெஞ்சினாலும் களமிறக்காதீர்கள். பழகாத நாய் தேடிவிட்டுப் போன இடத்தை மற்றவர்கள் ‘அங்கே பார்த்தாச்சு’ என்று கைவிட்டுவிடுவார்கள். ஆள் அங்கேயே கிடக்கலாம்.

படி 5: அழைப்பு முறை

ஒரே ஒரு அழைப்பு எண் போதும். வாரத்துக்கு இரண்டு பேர் முறை வைத்து அதை எடுங்கள். வாட்ஸ்அப் குழுவை நம்பாதீர்கள், இரவில் எல்லோரும் ஒலியை அணைத்துவிடுவார்கள். எங்கள் முதல் நள்ளிரவு ஒத்திகையில் ஒன்பது பேரில் மூன்று பேர்தான் எடுத்தார்கள். இப்போது சங்கிலி முறை: ஒருவர் இருவரைக் கூப்பிடுவார், அவர்கள் அடுத்தவர்களை. பத்து நிமிடத்துக்குள் ‘வருகிறேன், இத்தனை மணிக்கு’ அல்லது ‘முடியாது’ என்று பதில் வர வேண்டும். ‘முடியாது’ என்பது தப்பே இல்லை. காய்ச்சலில் இருப்பவர், குடித்திருப்பவர், இரவெல்லாம் தூங்காதவர் வரவே கூடாது.

அழைப்பை எடுப்பவர் கையில் ஒரு தாள் இருக்கட்டும்: கூப்பிட்ட அதிகாரி யார், காணாமல் போனவரின் வயது, நோய், உடை, கடைசியாகப் பார்த்த இடமும் நேரமும், நாம் போய் யாரிடம் நிற்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் இன்னொரு கேள்வியும் கட்டாயம்: அந்தப் பகுதியில் யானையோ காட்டெருமையோ நிற்கிறதா? சிறுத்தை நடமாடும் இடத்தில் இரவில் நாயைத் தனியாக ஓட விடாதீர்கள். நாய் சிறுத்தைக்கு இரை. வனத்துறை வேண்டாம் என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பு மிகவும் கொடுமை, ஆனாலும் மீறாதீர்கள்.

பை எப்போதும் கட்டியே இருக்கட்டும். 24 மணி நேரத்துக்கான தண்ணீர், சாப்பாடு, தலைவிளக்கு, விசில், மழைக்கோட்டு, உரிமம் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கி டாக்கி, நாய்க்கு மணி கட்டிய ஹார்னெஸ், வெப்பமானி.

படி 6: களத்தில்

பகுதியைச் சாலை, ஓடை, வேலி என்று கண்ணுக்குத் தெரியும் எல்லைகளால் பிரித்துக் கேட்டு வாங்குங்கள். ஒரு பகுதி முடிந்ததும் பொறுப்பாளரிடம் சொல்லும்போது, எந்த மூலை சரியாகத் தேடப்படவில்லை என்பதையும் சொல்லுங்கள். ‘கீழ்ச்சரிவில் உண்ணிச்செடி அடர்த்தி, காற்றும் எங்களுக்குச் சாதகமாக இல்லை, திரும்பப் பார்க்க வேண்டும்’ என்பதுதான் நேர்மையான அறிக்கை. குடும்பத்தாரிடம் ‘கண்டுபிடித்துவிடுவோம்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அவர்களிடம் பேசும் வேலையைக் காவலரிடம் விட்டுவிடுங்கள்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40-ஐத் தாண்டினால் தேடலை நிறுத்தி, நிழலில் வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள். இருபது முப்பது நிமிட வேலைக்குப் பின் ஓய்வு கொடுங்கள். வெறிநாய்க்கடி, எலிக்காய்ச்சல் தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். அட்டைக்காக நாய்மீது புகையிலை தேய்க்காதீர்கள், அது நாய்க்கு விஷம். திரும்பியதும் விரலிடுக்கிலும் மூக்கிலும் காதுக்குள்ளும் அட்டை, உண்ணி பார்த்து எடுங்கள்.

வீட்டுக்குக் கிளம்புமுன் இன்னொரு வேலை இருக்கிறது. தேடியவர் கிடைக்காத நாளிலும், வேறு யாரோ கண்டுபிடித்த நாளிலும், நாய் தோற்றுப் போன மனநிலையோடு வண்டியேறக் கூடாது. எங்களில் ஒருவர் சாலையோரம் தேயிலைப் புதருக்குப் பின்னால் போய் உட்காருவார். எவ்வளவு களைப்பிலும் நாய் மோப்பம் பிடித்து ஓடி, அவர் முன்னால் நின்று குரைக்கும். அவர் பொம்மையை எடுத்துக் கொடுப்பார்.