வளாகத்தில் ஜேசிபி நுழையும் முன்

புதிய துணைவேந்தர் வந்தால் முதலில் நுழைவாயில் வளைவு மாறும் என்று நான் படித்த பல்கலைக்கழகத்தில் ஒரு கேலி உண்டு. வளைவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு கோடை விடுமுறையில் வேப்பமரங்களின் அடிவரை பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் வருடம் நுனிக்கிளைகள் காயத் தொடங்கின.

வளாகங்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். நீரை உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில்தான் இருக்கும். கிளைகள் விரிந்திருக்கும் எல்லையையும் தாண்டி அவை பரவும். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டால் போதாது. அந்த வேர்களுக்குக் காற்றும் தண்ணீரும் போக வேண்டும். இதைவிட மோசம், கேபிள் பதிக்க ஒரு பக்கமாகத் தோண்டும் பள்ளம். அந்தப் பக்கத்து வேர் முழுவதும் போய்விடும், மரம் மட்டும் எதுவும் நடக்காததுபோல் நிற்கும். அடுத்த புயலில்தான் சங்கதி தெரியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. காற்றின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது.

சரி, நிறைய மரம் நட்டால் ஈடாகிவிடுமா? எல்லா இடத்திலும் ஆகாது. சென்னை ஐஐடி வளாகத்தில் வெளிமான்கள் இருக்கின்றன. பெயரிலேயே இருக்கிறது, அவற்றுக்கு வேண்டியது வெட்டவெளி. திறந்த புல்வெளியில் கன்றுகளை வரிசையாக நட்டுப் படம் எடுத்துக்கொண்டால் புள்ளிமான் சமாளித்துக்கொள்ளும், வெளிமானுக்கு வீடு போய்விடும். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புதர்க்காட்டைப் புதிதாகப் பார்ப்பவருக்கு ‘முள் மண்டிக் கிடக்கிறது’ என்று தோன்றலாம். இந்தக் கடற்கரைச் சமவெளியின் இயல்பான காடே அப்படித்தான் இருக்கும். அதை வழித்துவிட்டுக் கொரியன் புல் விரித்தால், கோடை முழுக்கத் தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கட்டடங்களுக்கு வருவோம். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய சுவரில் விரிசல் கண்டதும் சிமென்ட் பூசுவது நம் ஊர் வழக்கம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். அப்புறம் ‘பழசு, தாங்காது’ என்று இடிக்கச் சான்றிதழும் வாங்கிவிடுவார்கள்.

முடிவு எடுத்துவிட்டுக் கடைசியில் சொல்வது இன்னொரு தவறு. அகமதாபாத் ஐஐஎம்மில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்த 18 விடுதிகளில் 14-ஐ இடிக்கப்போவதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். முன்னாள் மாணவர்களும் உலகெங்கும் உள்ள கட்டடக் கலைஞர்களும் எதிர்த்ததும், 2021 ஜனவரி 1 அன்று அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2022 நவம்பரில் மறுபடியும், விடுதிகளைப் பழுதுபார்க்காமல் புதிதாகக் கட்டும் முடிவுக்கே போனார்கள். நிர்வாகம் சொன்ன காரணங்கள் பொய் அல்ல: ஒழுகல், துருப்பிடித்த கம்பி, 2001 நிலநடுக்கத்தின் பாதிப்பு. ஆனால் அதே வளாகத்தில் அதே கான் கட்டிய நூலகத்தைச் சீரமைத்து, 2019-இல் யுனெஸ்கோ விருதும் வாங்கியிருந்தார்களே! அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்ற கேள்விக்கு, இடிக்கும் முடிவுக்கு முன்பே எல்லோரையும் உட்கார வைத்துப் பேசியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

நடைபாதை விஷயம் சின்னதுதான், ஆனால் செலவில்லாமல் தவிர்க்கக்கூடியது. வரைபடத்தில் அழகான வளைவு போட்டுக் கல் பதிப்பார்கள். பசித்த மாணவன் கேன்டீனுக்கு வளைந்து போக மாட்டான். புதுக் கட்டடம் திறந்து ஒரு செமஸ்டர் மண்ணாகவே விட்டுவைத்தால், கால்களே ஒற்றையடிப் பாதை போட்டுக் காட்டிவிடும். அதன் மேல் கல் பதித்தால் வேலை முடிந்தது. எங்கள் வளாகத்தில் குறுக்கே போகாமலிருக்க வேலிச்செடி வைத்தார்கள். இப்போது போனாலும் பார்க்கலாம், அதன் நடுவில் சரியாக ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து.