இதயச் சுவர் தடிச்சிருக்கா? ஊசிக்குத் தலையாட்டும் முன்னால்

குலசேகரத்துல ரப்பர் பால் வெட்டுற எங்க அண்ணனுக்கு மேடு ஏறினா மூச்சு வாங்கும், சட்டுனு எழுந்தா தலை சுத்தும். எக்கோ ஸ்கேனில் இதயத்தோட நடுச்சுவர் தடிச்சிருக்குன்னு தெரிஞ்சுது. "கத்தி வேண்டாமாம், தொடை வழியா ஊசி போட்டா போதுமாம்"னு மயினிக்கு ஒரே சந்தோஷம். நான் நர்ஸா இருந்து ஓய்வு பெற்றவ. கத்தி இல்லைங்கிற ஒரே காரணத்துக்காகச் சம்மதிச்சிராதீங்க, மக்களே.

முதல்ல எக்கோ ரிப்போர்ட்டை எடுங்க. பெரியவங்களுக்குச் சுவர் 15 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ இருந்து, பிரஷர், வால்வு சுருக்கம்னு வேற காரணம் இல்லைன்னா ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி (HCM), அதாவது இதயச் சதை தடிக்கிற நோய்தான். அடுத்து கிரேடியன்ட், அதாவது ரத்தம் வெளியேறுற வழியில எவ்வளவு அடைப்புங்கிற கணக்கு. அது 30 mmHg-ஐத் தொட்டா அடைப்பு. 50-ஐத் தொட்டு, மெட்டோபுரோலால், வெராபமில் மாதிரி மாத்திரைக்கும் தொந்தரவு அடங்கலைன்னாதான் ஊசி, ஆபரேஷன் பேச்சே. சும்மா படுக்க வச்சு எடுத்த அளவை மட்டும் நம்பாதீங்க. மூச்சைப் பிடிச்சு முக்கச் சொல்லிப் பார்த்தாங்களான்னு கேளுங்க. அண்ணனுக்கு முக்கினப்புறம்தான் விஷயமே வெளிய வந்துது.

ஆல்கஹால் செப்டல் அப்லேஷன்னு சொல்ற இந்த ஊசி முறையை 1994-ல் லண்டன்ல உல்ரிச் சிக்வார்ட்ங்கிற டாக்டர் முதல்ல செஞ்சார். மெல்லிய குழாயை இதய ரத்தக்குழாய் வரை கொண்டுபோய், தடிச்ச சுவருக்குப் போற சின்னக் கிளைக்குள்ள சுத்த ஆல்கஹால் ஒண்ணு முதல் மூணு மில்லி வரை விடுவாங்க. அந்த இடத்துச் சதை செத்து, மெல்லச் சுருங்கும். தெரிஞ்சே வரவைக்குற சின்ன ஹார்ட் அட்டாக்தான் இது. ("குடியை விட்ட மனுசனுக்கு நெஞ்சுக்குள்ளயே ஊத்துறாவளா?" - மயினி.) முழுப் பலன் தெரிய சில மாசம் ஆகும்.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது: சரியான கிளை இருக்கா? மைட்ரல் வால்வே கோளாறா இருக்கா? இருந்தா நெஞ்சைத் திறந்து சதையைச் செதுக்குற ஆபரேஷன்தான் நல்லது. சின்ன வயசுக்காரங்களுக்கும் பெரும்பாலும் அதையே சொல்லுவாங்க. ஈசிஜியில் இடது பக்க பிளாக், அதாவது இதயத்தோட இடது மின்பாதையில தடை, ஏற்கனவே உண்டா? இது முக்கியம். ஊசி பெரும்பாலும் வலது பக்க மின்பாதையைக் கெடுக்கும். ரெண்டும் போனா நிரந்தர பேஸ்மேக்கர் வைக்கணும். பொதுவாவே பத்துல ஒருத்தருக்கு அது தேவைப்படும். அதனால முடிஞ்சதும் வீட்டுக்கு ஓட நினைக்காதீங்க, சில நாள் மானிட்டர்ல வச்சுப் பார்க்கணும். இந்த டாக்டர் இதை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கார்னும் கூச்சப்படாம கேளுங்க.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில காட்டிட்டு திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்குப் போறவங்க பழைய எக்கோ சிடி, ஈசிஜி எல்லாத்தையும் கையில எடுத்துக்கோங்க.

நெஞ்சு வலிக்குதுன்னு நாக்குக்கடியில சார்பிட்ரேட் மாத்திரை வைக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு. இந்த அடைப்பு உள்ளவங்களுக்கு அது ஆபத்து, அடைப்பை இன்னும் கூட்டிரும். நோயோட பேரைச் சீட்டுல எழுதிப் பர்ஸ்ல வச்சிருங்க. தண்ணி குடிக்காம வெயில்ல நிக்கவும் கூடாது.

இது பெரும்பாலும் குடும்பத்துல வர்ற நோய். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இந்த நோயை உண்டாக்குற மரபணு இருந்தா பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணன் மகன் பந்து விளையாடுறவன். எக்கோ முடியிற வரை மைதானம் வேண்டாம்னு நிறுத்தியிருக்கோம். ஒருதடவை நார்மல்னு வந்தாலும், வளர்ற பிள்ளைகளுக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, பெரியவங்களுக்கு மூணு முதல் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எக்கோ திரும்ப எடுக்கணும்.