துன்ஹுவாங்கில் கடிகாரத்தை நம்பாதீர்கள்

பட்டுப் பாதையில் வழிகாட்டியுடன் படமெடுக்கப் போகிறவர்கள், சீனாவின் துன்ஹுவாங் மணல்மேட்டுக்குப் போகும் நேரத்தை "மாலை 5 மணி" என்று கேட்டு வாங்காதீர்கள். "சூரியன் மறைய 2 மணி நேரம் முன்பு மேட்டடியில் இறக்கிவிடுங்கள்" என்று கேளுங்கள்.

சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம்தான். அது 120 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியது. துன்ஹுவாங் இருப்பதோ ஏறக்குறைய 95-இல். டிகிரிக்கு 4 நிமிடம் என்று போட்டால், அங்கே சூரியன் கடிகாரத்துக்கு 1 மணி 40 நிமிடம் பின்தங்கி வருகிறது. ஜூன் மாதம் இரவு 9 மணி தாண்டித்தான் மறையும். அப்போது மாலை 5 மணிக்கு அந்த மணல்மேடான மிங்ஷா மலையில் ஏறினால் சூரியன் இன்னும் உயரத்தில்தான் இருக்கும். மணலின் மடிப்புகளில் நிழல் அதிகம் விழாது, படம் சப்பென்று இருக்கும். மேட்டடியில் இருக்கும் பிறைநிலா ஏரி மேலிருந்து அழகாகத் தெரியும் நேரத்தில் குழு இரவுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடும். (படமெடுத்து முடித்த பிறகுதான் சாப்பாடு என்று பேசிவைப்பது நல்லது.)

டிசம்பரில் இந்தக் கவலை குறைவு, மாலை ஆறேகால் மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். புழுதிக்காற்று வீசும் நாளில் எந்தக் கணக்கும் உதவாது. அருகிலுள்ள மொகாவ் பௌத்தக் குகைகளுக்கும் இது பொருந்தாது: உள்ளே படமெடுக்கத் தடை, நுழைவும் சீட்டில் போட்ட நேரப்படிதான். இன்னும் மேற்கே ஷின்ஜியாங் பகுதிக்குப் போனால் உள்ளூர்க்காரர்கள் பலர் 2 மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்தில் பேசுவார்கள். எந்த நேரம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.